அவை வரும்வரை

மே மாதம். தென் அரைக்கோளத்தில் குளிர் தொடங்கும் நாட்கள். பிரேசில் நாட்டின் தெற்கே சாந்தா கத்தரீனா மாநிலத்திலுள்ள லகுனா என்னும் பழைய துறைமுக நகரில், களப்பு நீர் அத்திலாந்திக் சமுத்திரத்தோடு கலக்கும் வாய்க்காலின் ஓரத்தே, கடற்றொழிலாளர் சிலர் இடுப்பளவு நீரில் வரிசையாக நிற்கின்றனர். ஒவ்வொருவர் தோளிலும் மடித்துப் போட்ட வீச்சுவலை. மன்னார்க் கரையிலும் மட்டக்களப்பு வாவியிலும் எமது மக்கள் வலையைப் பிடித்து நிற்கும் அதே தோற்றம். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இவர்களில் எவரும் வலையை வீசவில்லை. அரை மணி, ஒரு மணி என நேரம் கழிகின்றது. தெற்கிலிருந்து வரும் குளிர்காற்றில் உடல் நடுங்க நடுங்க, கலங்கிய நீரைப் பார்த்தபடி நிற்கின்றனர். அவர்கள் காத்திருப்பது மீனுக்காக அன்று, டொல்பினுக்காக.

எமது பழைய கடலோடிகள் ஓங்கில் என்று அழைத்த அதே உயிரினந்தான் அது. லகுனா மக்கள் அதனைப் போத்தோ என்பர். குளிர்காலத்தில் மடவை மீன்கள் கூட்டங்கூட்டமாக அந்தக் கரையோரமாக இடம்பெயரும்போது, டொல்பின்கள் அக்கூட்டத்தை மடக்கி, மனிதர் நிற்கும் ஆழமற்ற பக்கமாகத் தள்ளிக்கொண்டு வருகின்றன. சேறு கலந்த நீராதலால் மனிதனின் கண்ணுக்கு மீன் தெரிவதில்லை. டொல்பினுக்கோ தான் எழுப்பும் ஒலியின் எதிரொலியே கண். குறித்த தொலைவுக்கு வந்ததும் அது முதுகை வளைத்துச் சட்டென மூழ்கும். அல்லது தலையாலோ வாலாலோ நீரை அறையும். அதுதான் அடையாளம். அந்தக் கணத்தில் வலைகள் விரிந்து விழுகின்றன. கூட்டம் சிதறித் தடுமாறும் வேளையில், தனித்துப்போன மீனை டொல்பின் கவ்விக்கொள்கின்றது. வலைக்குள் அகப்பட்டது மனிதனுக்கு. அகப்படாது திகைத்தது டொல்பினுக்கு. யாரும் யாருக்கும் ஊட்டுவதில்லை.

இந்த நகரத்தின் முழுப் பெயரைக் கேட்டால் எமது வாசகர்கள் மகிழ்வார்கள். 1676ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் வழிவந்தோர் இங்கே குடியேறியபோது இதற்குச் சூட்டிய பெயர் 'வானதூதர்களின் புனித அந்தோனியார் லகுனா' என்பதாகும். தாய்க் கோவிலும் அந்தோனியாருடையதே. ரிமினி நகர மக்கள் செவிகொடுக்க மறுத்தபோது நீர்க்கரைக்குச் சென்று மீன்களுக்குப் பிரசங்கித்தார் என்று நாம் சிறுவயதில் கேட்ட அதே அந்தோனியார்தான். கொச்சிக்கடையிலும் கச்சதீவிலும் அவரை நாடிச் செல்லும் கடற்றொழிலாளருக்கும், உலகின் மறுபுறத்தில் டொல்பினுக்காகக் காத்து நிற்கும் கடற்றொழிலாளருக்கும் பாதுகாவலர் ஒருவரே என்பது எனக்கு நீண்ட நேரம் யோசிக்க வைத்த செய்தி.

லகுனாவில் இந்தக் கூட்டுத்தொழில் 140 ஆண்டுகளுக்கும் மேலாக நடைபெறுகின்றது. இது கட்டுக்கதையா, உண்மையான ஒத்துழைப்பா என்று அறிஞர்கள் பலகாலம் வினவினர். டொல்பின் தன்பாட்டில் வேட்டையாட, மனிதன் அதனைச் சாதகமாக்கிக்கொள்கிறானோ என்ற ஐயம் நியாயமானதே. ஆளில்லா விமானக் கமராக்களையும், நீருக்கடியில் ஒலி பதியும் கருவிகளையும், சோனார் கருவியையும் கொண்டு செய்யப்பட்ட நீண்ட ஆய்வொன்று 2023ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியானது. டொல்பின் இருக்கும்போது மீன் அகப்படும் வாய்ப்பு 17 மடங்கு அதிகம் என்றும், அதன் அடையாளத்தோடு ஒத்து வலை வீசியோருக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு மீன் கிடைத்தது என்றும் அந்த ஆய்வு கூறுகின்றது. வலை உரிய நேரத்தில் விழுந்தால் டொல்பின்கள் மேலும் நீண்ட நேரம் மூழ்கியிருந்து, தமது ஒலித்துடிப்புகளை விரைவாக்கி வேட்டையைத் தொடர்கின்றன. நேரந்தவறி விழுந்தால் அவ்வாறு செய்வதில்லை. அதாவது அவையும் மனிதனைக் கவனிக்கின்றன. மனிதரோடு சேர்ந்து வேட்டையாடும் டொல்பின்கள் ஏனையவற்றிலும் 13 சதவீதம் அதிகமாக உயிர்பிழைக்கின்றன என்பதும் அதே ஆய்வின் முடிவு.

எண்களை விட்டுவிட்டு அம்மனிதரைப் பார்ப்போம். அவர்கள் ஒவ்வொரு டொல்பினையும் முதுகுத் துடுப்பின் வெட்டுக்களையும் தழும்புகளையும் கொண்டு அடையாளம் காண்கின்றனர், பெயரிட்டு அழைக்கின்றனர். மனிதரோடு சேர்ந்து வேட்டையாடுவது 'நல்ல போத்தோ'. சேராமல் தன் வழியே போவதும் மீனைக் கலைப்பதும் 'கெட்ட போத்தோ'. டொல்பின் குட்டி தாயோடு கூட நீந்தி இத்தொழிலைக் கற்கின்றது. கரையில் மகன் தந்தையின் அருகே நின்று கற்கின்றான். நீரில் ஒரு பரம்பரை, நிலத்தில் ஒரு பரம்பரை. இரண்டில் எது அறுந்தாலும் மற்றதற்கு வேலையில்லை. புதிதாக வந்தவன் டொல்பின் முதுகைக் காட்டியவுடனேயே ஆவலில் வலையை எறிந்துவிடுவான். மூச்சு வாங்க எழுந்த முதுகு எது, அடையாளம் காட்ட வளைந்த முதுகு எது என்று பிரித்தறிய ஆண்டுகள் செல்லும். அதுவரை மூத்தோரின் கடிந்துரையே அவனுக்குப் பாடம்.

இத்தொழிலின் பெரும் பகுதி, செய்யாதிருப்பதில் அடங்கியுள்ளது என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் நீரில் இறங்கித் துரத்துவதில்லை. டொல்பினைத் தொட முயல்வதில்லை. மீனைக் காட்டி அழைப்பதுமில்லை. நிற்கும் இடங்களுக்கு எழுதப்படாத ஒரு முறை உண்டு. அதனை மீறி முந்துகிறவனை மற்றவர்கள் பொறுத்துக்கொள்வதில்லை. தெசோரா என்னும் அந்தச் சிறு கரையில், முதுமை காரணமாகத் தொழிலை விட்டவர்களும் வந்து அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். வருமானத்துக்காக மட்டும் இங்கே வருவதில்லை என்று அக்கடற்றொழிலாளர் ஆய்வாளரிடம் கூறியிருக்கின்றனர். கடலையே நம்பி வாழும் குடும்பங்களுக்கு அக்கூற்றை விளக்கத் தேவையில்லை. தன் வலையில் விழுந்த மீனுக்காக இன்னொரு உயிருக்கு நன்றி சொல்லக் கற்ற மனிதனின் முகம் எப்படியிருக்கும் என்பதை அவர்கள் அறிவர்.

இதனை அழகிய ஓவியமாக மட்டும் காட்டிவிட்டுப் போவது நேர்மையாகாது. லகுனாவின் களப்பில் வாழும் டொல்பின்கள் ஏறக்குறைய அறுபதே. அவற்றுள்ளும் ஒரு பகுதியே மனிதரோடு சேர்கின்றன. களப்பின் ஏனைய பகுதிகளில் சட்டவிரோதமாகக் கட்டப்படும் செவுள் வலைகளில் சிக்கி அவை மூச்சடைத்து மடிகின்றன. மடவை மீனும் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றது. பர்மாவின் ஐராவதி ஆற்றிலும் இதுபோன்றதொரு நட்பு இருந்தது, இன்றும் ஓரளவு இருக்கின்றது. அங்கே வீச்சுவலைக்காரர் தோணியின் விளிம்பில் கோலால் தட்டி ஐராவதி டொல்பின்களை அழைப்பர். மண்டலே நகருக்கு மேலேயுள்ள 74 கிலோமீற்றர் ஆற்றுப்பகுதியை 2005ஆம் ஆண்டு அரசாங்கம் அவற்றுக்கெனப் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக அறிவித்தது. ஆனால் மின்சாரத்தை நீரில் பாய்ச்சி மீன்பிடிப்போர் அங்கு பெருகிய பின்னர், கோலோசை கேட்டும் டொல்பின்கள் வரத் தயங்குகின்றன என்று அம்மீனவர் கவலைப்படுகின்றனர். நூறு பேர் தலைமுறைகளாகச் சேர்த்த நம்பிக்கையைப் பத்துப் பேர் ஓரிரவில் செலவழித்து விடுகின்றனர்.

விவிலியத்தின் முதலாம் அதிகாரத்தை நாம் எத்தனையோ முறை வாசித்திருக்கின்றோம். பாஸ்கா திருவிழிப்பு இரவில் இருளில் மெழுகுதிரியோடு நின்று கேட்டிருக்கின்றோம். ஆயினும் ஒன்றை நான் அண்மையில்தான் கவனித்தேன். திருநூலில் இறைவன் முதன்முதலாக ஆசி வழங்குவது மனிதருக்கு அன்று. ஐந்தாம் நாளில், கடலின் பெரும் உயிரினங்களுக்கும் நீர்வாழ்வனவற்றுக்கும் பறவைகளுக்குமே அந்த முதல் ஆசி கிடைக்கின்றது. மனிதன் அப்போது படைக்கப்படவேயில்லை. நாம் வந்தபோது கடல் ஏற்கெனவே ஆசீர்வதிக்கப்பட்டிருந்தது. உரோமையின் நிலத்தடிக் கல்லறைகளில் ஆதிக் கிறிஸ்தவர்கள் நங்கூரத்தோடு டொல்பினையும் சேர்த்து வரைந்து வைத்தார்கள். துன்புறுத்தலின் காலத்தில் மீட்பின் அடையாளமாக அவர்களுக்குத் தோன்றிய உயிர் அது. பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' சுற்றுமடலில், ஏனைய உயிர்கள் மனிதனின் பயன்பாட்டுக்காக மட்டும் இருப்பவை அல்ல, இறைவன் முன் அவற்றுக்கெனத் தனிமதிப்பு உண்டு என்று விரிவாக எடுத்துரைத்தார்.

அந்தத் தனிமதிப்பை மறந்த அன்பும் உண்டு. அது கொடுமையைவிட ஆபத்தானது; ஏனெனில் அன்பு என்றே தன்னை நம்பிக்கொள்கின்றது.

மேற்கு அவுஸ்திரேலியாவின் சுறா வளைகுடாவில் மங்கி மியா என்றொரு கடற்கரை உண்டு. 1960களில் அங்கு தங்கியிருந்த கடற்றொழிலாளர் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் படகருகே வந்த டொல்பினுக்கு மீன் கொடுத்தார். அது மறுநாளும் வந்தது. பிற டொல்பின்களும் வந்தன. ஆண்டுகள் செல்ல, முழங்காலளவு நீரில் நின்று டொல்பினுக்குக் கையால் உணவூட்டலாம் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. மக்கள் வந்து குவிந்தனர். கண்ணீர் மல்கித் திரும்பினர். குற்றம் காண என்ன இருக்கின்றது? அங்கே ஆய்வு செய்தோர் சில ஆண்டுகளின் பின்னர் கண்டறிந்ததை வாசித்தால் மனம் கனக்கும். உணவு பெற்ற தாய்களின் குட்டிகள் மற்றைய குட்டிகளைவிட மிக அதிகமாக மடிந்தன. தாய் கரையோரம் மனிதரிடம் மீன் வாங்கி நின்ற நேரமெல்லாம், ஆழமற்ற நீருக்குள் வந்து பால்குடிக்க இயலாத குட்டி வெளியே தனித்துத் திரிந்தது. சுறாவிடமிருந்து காக்கவோ, வேட்டையைக் கற்பிக்கவோ தாய் அருகில் இல்லை.

1990களின் நடுப்பகுதியில் அங்கே கட்டுப்பாடுகள் வந்தன. தெரிந்தெடுத்த ஒருசில பெண் டொல்பின்களுக்கு மட்டும், காலை வேளையில் மட்டும், அவற்றின் அன்றாடத் தேவையில் ஒரு சிறு பங்கு மட்டும். எஞ்சியதை அவை தாமே வேட்டையாட வேண்டும். பார்க்க வருவோர் கரையில் நிற்பர், தொடுதல் கூடாது. அதன்பின் குட்டிகள் பிழைக்கத் தொடங்கின. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசை ஆசையாய் எல்லாவற்றையும் ஊட்டிவிட்டு, அவர்களுக்குச் சுயமாக நிற்கத் தெரியவில்லையே என்று பின்னர் பங்குத்தந்தையிடம் முறையிடும் பெற்றோரை நான் அறிவேன். நானும் அவர்களில் ஒருவன்.

ஊட்டாமலே தங்கிய டொல்பின் ஒன்றும் உண்டு. அயர்லாந்தின் கெறி மாவட்டத்தில் டிங்கிள் என்னும் மீன்பிடித் துறைமுகம். 1983ஆம் ஆண்டளவில், துறைமுகத்துக்கு வந்துபோகும் வள்ளங்களோடு தனியொரு டொல்பின் கூடவே நீந்துவதைக் கலங்கரை விளக்கக் காவலர் கண்டார். மீனவர்கள் அதற்கு 'பங்கி' என்று பெயரிட்டனர். தன் இரையைத் தானே பிடித்துண்டு, எவரும் கட்டிவைக்காமல், சமுத்திரம் முழுவதும் திறந்திருக்க, அந்தச் சிறிய துறைமுக வாயிலிலேயே 37 ஆண்டுகள் அது தங்கியிருந்தது. 2019இல் கின்னஸ் சாதனைப் பதிவு அதனை உலகில் மிக நீண்டகாலம் தனித்து வாழ்ந்த டொல்பினாக ஏற்றுக்கொண்டது. அதனால் ஓர் ஊரே வாழ்ந்தது எனலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளாக அதனைக் கண்டவர்கள் தம் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினர்.

அதே தீபகற்பத்தில்தான் புனித பிரெண்டனின் பெயரைத் தாங்கிய மலையும் நிற்கின்றது. கடலோடியான அத்துறவியும் தோழரும் தீவென்று எண்ணித் திமிங்கிலத்தின் முதுகிலே இறங்கினர் என்ற பழங்கதை அயர்லாந்து மக்களுக்கு எமது அந்தோனியார் கதைபோல் நெருக்கமானது. கடலுயிர்களை அயலவராகப் பார்க்கப் பழகிய மக்கள் அவர்கள். 2020ஆம் ஆண்டு ஒக்டோபரில் பங்கி காணாமற்போனபோது வள்ளங்களும் சுழியோடிகளும் துறைமுகத்தையும் சுற்றியுள்ள குடாக்களையும் நாட்கணக்காகத் தேடினர். உடல்கூடக் கிடைக்கவில்லை. பெருந்தொற்றினால் ஊரே அடங்கிக் கிடந்த காலம் அது. துக்கத்துக்கும் கூடிநிற்க முடியாத காலம்.

ஆயினும் டிங்கிளின் கதையைக் கேட்கையில் எனக்குள் ஒரு கேள்வி எழாமலில்லை. டொல்பின் கூட்டமாக வாழப் பிறந்த உயிர். தன் இனத்தோடு சேராமல் ஏன் அது தனித்திருந்தது? நாம் மகிழ்ந்து பார்த்தது ஒருவேளை ஓர் உயிரின் தனிமையையோ? பதில் அதனோடு போய்விட்டது.

இனி, எழுதத் தயங்கிய பகுதிக்கு வருகிறேன். டொல்பினோடு நீந்தினால் நோய் தீரும் என்ற நம்பிக்கை உலகின் பல பாகங்களில் விற்கப்படுகின்றது. விற்கப்படுகின்றது என்ற சொல்லைத் தெரிந்தே இடுகிறேன். 2005ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளியானது. மனச்சோர்வினால் வருந்திய 30 பேரைத் தெரிந்தெடுத்து, ஹொண்டுராஸ் நாட்டில் ஒரு பகுதியினரை டொல்பின்களோடும், மற்றப் பகுதியினரை டொல்பின் இல்லாமல் பவளப்பாறைகளிடையிலும் இரண்டு வாரம் நீந்தச் செய்தனர். டொல்பின்களோடு நீந்தியோரின் சோர்வு அதிகமாகக் குறைந்தது. ஆனால் அது சிறிய ஆய்வு. வேலிக்குள் பராமரிக்கப்பட்ட டொல்பின்களைக் கொண்டு செய்யப்பட்டது. ஓட்டிசம் முதலிய நிலைகளைக் குணமாக்கும் என்று கூறப்படுவனவற்றை அமெரிக்க ஆய்வாளர்களான லோரி மரினோவும் ஸ்கொட் லிலியன்பீல்டும் 1998இலும் மீண்டும் 2007இலும் பரிசீலித்து, அவற்றுக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்று எழுதினர். தடாகத்தில் அடைபட்ட டொல்பினுக்கு இன்னொரு குறையும் உண்டு. அதனால் விலகிப் போக முடியாது. விலகிப் போக முடியாத ஒன்று அருகில் வருவதை நட்பு என்று எப்படிச் சொல்வது?

இதையெல்லாம் நான் தேடி வாசித்ததற்குக் காரணம் என் அக்கா. அவரது மகனுக்கு அப்போது ஒன்பது வயது. மூன்று வயதிலேயே ஓட்டிசம் என்று கண்டறியப்பட்டவன். சில சொற்களே பேசுவான். பெருஞ்சத்தம் கேட்டால் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்துவிடுவான். வெளிநாடொன்றில் டொல்பின் தடாகத்தில் பத்து நாள் சிகிச்சை அளிக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அக்கா தன் காப்புகளை விற்கும் அளவுக்குத் துணிந்திருந்தார். ஆய்வுகளை வாசித்துச் சொல்ல வேண்டிய பொல்லாத பொறுப்பு எனக்கு வந்தது. சொன்னேன். அவர் அழவில்லை, கோபிக்கவுமில்லை. "அப்ப தம்பி, கடலிலை இருக்கிறதையாவது அவன் ஒருக்காப் பாக்கட்டும்" என்றார்.

அவ்வாறுதான் ஒரு மார்ச் மாதம் தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்குச் சென்று செபித்துவிட்டு, மறுநாள் விடியலில் கற்பிட்டிக் கரைக்குப் போனோம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே கடல் அமைதியாயிருக்கும். சுழன்று துள்ளும் டொல்பின்கள் நூற்றுக்கணக்கில் கூடுவதைக் காணப் பலர் வருவர். நீருக்கு மேலே எழும்பி, உடலைப் பம்பரம்போல் சுழற்றி விழும் இனம் அது. இவ்வினம் இரவெல்லாம் ஆழ்கடலில் வேட்டையாடிவிட்டுப் பகலிலேயே ஓய்வு கொள்கின்றது. ஹவாய்த் தீவுகளில் இவை ஓய்வெடுக்கும் குடாக்களில் நீந்துவோரின் தொல்லை பெருகியதனால், 50 யார், அதாவது ஏறக்குறைய 45 மீற்றருக்குள் எவரும் நெருங்கக் கூடாதென 2021இல் அமெரிக்க அரசு விதித்தது. எமது நாட்டிலும் 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் டொல்பின்கள் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றைப் பார்வையிடுவதற்கான ஒழுங்குவிதிகள் 2012இல் கொண்டுவரப்பட்டன. அன்று காலை இவற்றில் எதுவும் என் நினைவில் இல்லை.

கரையிலிருந்து வெகுதூரம் சென்ற பின்னர் முதல் முதுகுகள் தெரிந்தன. எமக்கு முன்னே ஏழெட்டுப் படகுகள். ஒவ்வொன்றும் முழு வேகத்தில் கூட்டத்தின் குறுக்கே பாய, டொல்பின்கள் மூழ்கி வேறிடத்தில் எழ, மீண்டும் படகுகள் திரும்பிப் பாய்ந்தன. பயணிகள் கூச்சலிட்டனர். எங்கள் படகோட்டி வயதானவர், பேச்சு குறைந்தவர். அவர் சற்று ஒதுங்கியே படகைச் செலுத்தினார். எனக்குப் பொறுமையில்லை. அக்கா இத்தனை தூரம் வந்திருக்கிறார், இந்தப் பிள்ளைக்காக வந்திருக்கிறார், இவர் ஏன் பின்னுக்கு நிற்கிறார் என்ற எண்ணம்.

"ஐயா, கொஞ்சம் கிட்டப் போக ஏலாதா? காசு கூடத் தரலாம்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. படகின் முன்புறத்தில் காதைப் பொத்திக்கொண்டு, தலையை முழங்கால்களுக்கிடையில் புதைத்திருந்த என் மருமகனைப் பார்த்தார். இயந்திர இரைச்சல் தொடங்கியதிலிருந்தே அவன் அப்படித்தான் இருந்தான். டொல்பினைத் தேடிய அவசரத்தில் நான் அவனைத் திரும்பியே பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கிட்டப் போகலாம் ஐயா. போனா அதுகள் போயிடும்" என்று கூறிய அவர் இயந்திரத்தை நிறுத்தினார்.

மற்றப் படகுகளின் ஓசை மெல்ல மெல்ல வடக்கே தேய்ந்தது. அலை படகின் பலகையில் தட்டும் சத்தம் மட்டும். கால் மணிநேரம் இருக்கும், எதுவும் நடக்கவில்லை. அக்கா செபமாலையை எடுத்தார். வெயில் ஏறியது. நான் கொடுத்த காசு வீணாயிற்று என்றுகூட நினைத்தேன், மறைப்பானேன். மருமகன் முதலில் ஒரு கையை எடுத்தான். பின்னர் மற்றக் கையையும் எடுத்து, படகின் விளிம்பில் வைத்து நீரைப் பார்த்தான்.

மூச்சு விடும் ஓசைதான் முதலில் வந்தது. யாரோ பக்கத்தில் நெட்டுயிர்ப்பது போன்ற ஓசை. பிறகு இன்னொன்று. எமது படகின் இருபுறமும், கையெட்டாத தூரத்தில், அவை மெதுவாகக் கடந்துகொண்டிருந்தன. துள்ளவில்லை, சுழலவில்லை. தாயின் விலாவோடு ஒட்டியபடி ஒரு சிறு குட்டி. அதன் கண்ணை நான் கண்டேன். அது எங்களைக் கண்டதா என்று தெரியாது. இருபதோ முப்பதோ இருக்கலாம். எண்ண எனக்குத் தோன்றவில்லை. அக்காவின் கையில் செபமாலை ஒரே மணியில் நின்றுவிட்டது.

அற்புதம் நடந்ததாக எழுத எனக்கு ஆசைதான். நடக்கவில்லை. மருமகன் அன்றும் பேசவில்லை, அதன்பின்னரும் புதிதாகப் பேசத் தொடங்கவில்லை. டொல்பின்களை அவன் பார்த்ததைவிட, அவை மூழ்கிய இடத்தில் விரிந்த வளையங்களைத்தான் அதிகம் பார்த்தான். ஒவ்வொரு மூச்சோசைக்கும் தானும் வாயைத் திறந்து, அதேபோல் மெல்ல மூச்சு விட்டான். அவ்வளவே. வீட்டில் இன்றும் சில இரவுகளில் உறக்கம் வராதபோது அவன் அப்படி மூச்சு விடுவதாக அக்கா சொல்கிறார். அப்போது அவரும் பக்கத்தில் படுத்து அதேபோல் விடுவாராம்.

கடைசி முதுகும் மறைந்த பின்னர் நாங்கள் சிறிது நேரம் அப்படியே மிதந்தோம். திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வெயில் பொறுக்க முடியாதபடி ஏறியதும் படகோட்டி எழுந்து பின்புறம் சென்றார். இயந்திரக் கயிற்றைக் கையில் பிடித்தவர், இழுக்கவில்லை.

"தம்பி, இஞ்சின் போடப் போறன்" என்றார், முன்னால் இருந்த சிறுவனைப் பார்த்து.

அவன் திரும்பவில்லை. ஆயினும் சற்று நேரத்தில் இரு கைகளையும் தானாக உயர்த்தி, காதுகளை மூடிக்கொண்டான். அதன் பிறகே அவர் கயிற்றை இழுத்தார்.